எக்சர்சைஸ்: இல்லை

பேசக் கூடாதாம். யாரிடம் வந்து சொல்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை கூடாது, போன் கூடாது, புத்தகம் கூடாது, காலை ஆட்டக் கூடாது, இந்தச் சாய்வு நாற்காலியில் கழுத்து வரைக்கும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சும்மா கிடக்க வேண்டும். ஸ்கேனுக்கு ஊசி போட வந்த ஜெஸ்லின் எனக்கு எல்.கே.ஜி. பாடம் மாதிரி விளக்கினாள். நாற்பது வயதிருக்கும், நாகர்கோவில் பக்கம் போல, பேச்சில் ஒரு இழுப்பு. "இது சர்க்கரைத் தண்ணி மாதிரிதாம்மா, கொஞ்சம் கதிர்வீச்சு கலந்தது. ஒரு மணி நேரத்துல உடம்பு பூரா போய்ச் சேரும். எந்த இடம் ரொம்ப வேலை செய்யுதோ அது நிறைய இழுத்துக்கும். படத்துல அங்க பளிச்சுனு தெரியும். நீங்க பேசினா நாக்கும் தொண்டையும் இழுத்துக்கும், அப்புறம் டாக்டர் குழம்பிப் போவாரு." அப்படியானால் என் நாக்குதான் முதலில் தெரியும், ஐம்பத்திரண்டு வருஷமாக அதற்கு ஒரு நாள் லீவு கொடுத்ததில்லை என்றேன். சிரித்துவிட்டு உதட்டில் விரலை வைத்தாள். கனமான ஒரு உலோகக் குழலுக்குள் ஊசியை வைத்துக் கொண்டுவந்து, கை நரம்பில் ஏற்றிவிட்டு, விறுவிறுவென்று கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். என்னைக் கண்டு ஓடியவர்கள் இந்த உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் நான் வாயைத் திறந்த பிறகு ஓடினவர்கள். வாயை மூடிய பிறகு ஓடினவள் இவள் ஒருத்திதான். கடிகாரத்தில் ஒன்பது நாற்பது. பத்து நாற்பதுக்கு வருவாளாம்.

வாயில் விரல். நாலாம் வகுப்பில் சிஸ்டர் கிளமென்ஷியா என்னைப் பிடித்து நிறுத்துகிற இடம் கரும்பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவில், ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ், சாருமதி. விரலை வைத்துக்கொண்டே விரலுக்குப் பின்னால் பேசுவேன். இப்போதும் அதுதானே நடக்கிறது. நாக்கு சும்மா இருக்கிறது, தலைக்குள் சந்தைக்கடை. மூளையும் சர்க்கரை இழுக்குமா? இழுக்கும், எல்லோருக்கும் இழுக்கும், அது கணக்கில் வராது என்றார் டாக்டர் முத்துக்கருப்பன். நல்ல மனிதர், பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசுவார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு நுரையீரலை வரைந்தார், வரைந்தது என்னவோ இரண்டு கத்தரிக்காய் மாதிரி இருந்தது, வலது கத்தரிக்காயின் மேல்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். "இது கேன்சர்னு சதை எடுத்துப் பார்த்ததுல தெரிஞ்சு போச்சு. அதுல சந்தேகம் இல்ல. இப்ப தெரிய வேண்டியது ஒண்ணுதாம்மா. இது இங்கயே நிக்குதா, கிளம்பிட்டுதா. நின்னுருந்தா வெட்டி எடுத்துடலாம். எலும்புக்கோ வேற எங்கயோ போயிருந்தா ஆபரேஷன் இல்ல, வைத்தியம் வேற வழி." வேற வழி என்றால் எங்கே போகும் வழி என்று கேட்டேன். இவர் என் முழங்கையை இடித்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், இளங்கோவன். கல்யாணமான நாளிலிருந்து என் முழங்கையை இடிப்பதுதான் இவர் பேச்சு. டாக்டர் மட்டும் கோபப்படவில்லை. முதலில் படம் பார்ப்போம் என்றார். இரண்டு படமாம், ஒரே மிஷினில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்களாம். ஒரு படத்தில் வீடு எங்கே இருக்கிறது, எத்தனை அறை என்று தெரியும். இன்னொன்றில் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று மட்டும் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் யார் வீட்டு அடுப்பு என்று சொல்ல முடியும். இப்படி அவர் சொல்லவில்லை, நானாக எனக்குச் சொல்லிக்கொண்டேன். எங்கள் ஜியாகரபி மிஸ் வரைபடத்தின்மேல் பட்டர் பேப்பரை வைத்து ஆறுகளை வரையச் சொல்வார், காகிதம் கொஞ்சம் நகர்ந்தால் காவிரி போய் ஆந்திராவில் ஓடும். அதனால்தான் அசையாதே என்கிறார்கள். புரிகிறது. புரிந்தால் நான் செய்வேன், புரியாமல் செய் என்றால்தான் எனக்கு எரியும்.

இந்தச் சர்க்கரை வித்தையும் புதிதில்லை. சமையலறையில் எறும்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் ஒரு சிட்டிகை சீனியைத் தரையில் வைத்துவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவேன். வரும், வரிசையாக வரும், எடுத்துக்கொண்டு திரும்பும், திரும்புகிற வழியைப் பார்த்தால் பொந்து எங்கே என்று தெரிந்துவிடும். பொந்து தெரியாமல் மருந்தை வீடு முழுக்க அடிப்பவள் வீட்டில் எறும்பும் சாகாது, மனுஷனும் இருக்க முடியாது. தின்னட்டும், நன்றாகத் தின்னட்டும், இந்த ஒரு மணி நேரம் அதற்கு விருந்து. தின்றுவிட்டு வாயைத் துடைக்காமல் நிற்கும், பார்த்துக்கொள்கிறேன். கை குளிர்கிறது. ஏ.சி. போட்டுக் கம்பளியும் கொடுக்கிற புத்தி இந்த மாதிரி இடத்தில்தான். இருமல் வருகிறது. வராதே. மூன்று மாதம் வறட்டு இருமல், பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுக்கிறார்கள் அந்தத் தூசி என்றேன், சித்தரத்தை போட்டுக் குடி அண்ணி என்றாள் கஸ்தூரி, இவருடைய தங்கை. சித்தரத்தை குடித்துக் குடித்து நாக்கு மரத்ததுதான் மிச்சம். பிறகு பார்க்கிறவன் எல்லாம் ஒரே கேள்வி, சிகரெட் உண்டாம்மா? எங்கள் தெரு முனைக் கடையில் கேளுங்கள், கணக்கு வைத்திருப்பார் என்றேன் ஒருத்தரிடம். வீட்டில் யாராவது என்று அடுத்த கேள்வி. அப்போது இவர் செருப்பைப் பார்த்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் விட்டுவிட்டார். அதற்கு முன்னால் இருபது வருஷம் பால்கனி, கதவைச் சாத்திக்கொண்டு, என் துணிக் கொடிக்குக் கீழே. அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செத்தே போயிருப்பார், ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குச் சீக்கு வந்தால் யார் பார்ப்பது. தாலிச் செயினைக் கழற்றிக் கொடுத்தேன் காலையில், இரும்பு தங்கம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாதாம், பஸ் டிக்கெட் மாதிரி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போது வெளியே உட்கார்ந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து மணி.

தோள் வலிக்கிறது. வலது தோள், வலது கை, இடுப்பு. வலிக்காமல் என்ன செய்யும், நேற்று வாங்கிய வேலைக்கு. ஆபரேஷன் என்று ஆனால் நான் ஆஸ்பத்திரியில் கிடப்பேன், கஸ்தூரி புதுக்கோட்டையிலிருந்து வந்து என் வீட்டில் சமைப்பாள். அவள் என் பரணைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் அவளுடைய கெட்ட குணம். அதனால் நேற்று காலை ஆறுக்கு ஆரம்பித்தேன். ஹாலிலிருந்து ஜன்னல் திரை எல்லாம் கழற்றி, மிஷினில் போட்டால் சாயம் போகும் என்று கையால் அடித்துத் துவைத்து, இரண்டு போர்வையை ஒற்றை ஆளாகப் பிழிந்து, மொட்டைமாடிக்கு மூன்று நடை தூக்கி, ஒரு மாதத்துக்கு வேண்டிய மிளகாய்ப் பொடியை இரும்பு உரலில் இடித்து, பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து. ஸ்டூலில் நான் ஏறி நிற்க, இவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே சொன்னார், "சாரு, ஸ்கேன் சென்டர்ல இருந்து போன் வந்துச்சு. இன்னைக்கு நீ வாக்கிங், எக்சர்சைஸ் எதுவும் பண்ணக் கூடாதாம்." அண்டாவை வலது கையால் தலைக்கு மேலே ஏந்திக்கொண்டு நான் சொன்னேன், "நான் என்னைக்குங்க வாக்கிங் போனேன்? ஒழுங்காப் பிடிங்க." இன்று காலை ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை வியாதி, இல்லை. உலோகத் தகடு, இல்லை. நேற்று எக்சர்சைஸ், அந்த ஸ்டூலைப் பிடித்த கையாலேயே எழுதினார், இல்லை. நானும் எட்டிப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். கடவுளே. எந்த இடம் ரொம்ப வேலை செய்கிறதோ அது இழுத்துக்கொள்ளும் என்றாளே. ட்ரெட்மில்லில் ஓடினால் எக்சர்சைஸ், போர்வை பிழிந்தால் எக்சர்சைஸ் இல்லை என்று என் தசைக்கு யார் போய்ச் சொல்வது. தசைக்கு இங்கிலீஷ் தெரியாது. கான்வென்டில் படித்தவள் நான், இங்கிலீஷ் பேப்பரைத் தலைப்பிலிருந்து அச்சிட்டவன் பெயர் வரைக்கும் படிக்கிறவள், நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வலது கை பூராவும் பளிச்சென்று எரியப் போகிறது, டாக்டர் குழம்பிப் போவார்.

மணியை அடிக்கலாம், நாற்காலி கையில் சிவப்பு பட்டன் இருக்கிறது. அடித்தால் வருவாள், பேச வேண்டும், பேசினால் தொண்டை இழுத்துக்கொள்ளும். மருந்து உடம்பில் ஏறியாயிற்று, திருப்பி எடுக்க முடியாது. இன்றைக்கு வேண்டாம், பத்து நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டால்? பத்து நாள் என்னால் காத்திருக்க முடியாது. கேஸ் சிலிண்டருக்கே நான் இரண்டு தடவை போன் பண்ணுவேன். சரி, முடியட்டும், வந்தவுடன் சொல்லிவிடலாம். அம்மா, நேற்று வீட்டு வேலை கொஞ்சம் அதிகம், கை தோள் முதுகு எல்லாம் வலி, அங்கெல்லாம் எரிந்தால் அது வேலை. கை, தோள், முதுகு. இந்த முதுகு எங்கிருந்து வந்தது? இடது தோள்பட்டைக்குக் கீழே, உள்பக்கம், ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு. அதுவும் அண்டாதான். அண்டாவை இறக்கும்போது இடது கையால் பரண் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இழுத்துக்கொண்டது. அப்படித்தான். அப்படித்தானே? எலும்பு என்றால் ஆபரேஷன் இல்லை. தசை என்றால் ஒன்றுமில்லை. முதுகையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் டாக்டர் அந்த இடத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தாலும், ஓ, இந்தம்மா போர்வை பிழிஞ்சாங்கல்ல, என்று விட்டுவிடுவார். வெட்டி எடுத்துவிடுவார்கள். நான் வீட்டுக்குப் போவேன், கஸ்தூரி கலைத்து வைத்த டப்பாக்களைத் திரும்ப அடுக்குவேன். எவ்வளவு சுலபம். ஒரே ஒரு வார்த்தை. முதுகு.

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை மத்தியானம் கத்தோலிக்கப் பெண்களை மட்டும் வரிசையாகச் சாப்பலுக்குக் கூட்டிப் போவார்கள், ஃபாதரிடம் செய்த பாவத்தைச் சொல்லிவிட்டு வர. போகும்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறவர்கள் வரும்போது குளித்துவிட்டு வந்த மாதிரி வருவார்கள். எனக்குப் பொறாமை தாங்கவில்லை. ஒருநாள் நானும் வரிசையில் நின்றுவிட்டேன், நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு. ஒன்பது வயது. மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃபாதருடைய காது மட்டும் தெரிந்தது. மூன்று பாவம் சொன்னேன். அம்மாவிடம் பொய் சொன்னேன், தம்பியைக் கிள்ளினேன், பிள்ளையாருக்கு வைத்த கொழுக்கட்டையை முதலிலேயே தின்றேன். பிள்ளையார் என்றதும் அந்தக் காது கொஞ்சம் அசைந்தது. சிரித்தாரோ என்னவோ, விரட்டவில்லை. "வேற ஏதாவது இருக்காம்மா?" என்றார். இருந்தது. சிஸ்டருடைய மேஜை விரிப்பில் மசியைக் கொட்டியது நான், அதற்காக வெயிலில் முட்டி போட்டது பியூலா. அது தொண்டை வரைக்கும் வந்தது. "இல்ல ஃபாதர்" என்றேன். வெளியே வந்தால் குளித்த மாதிரி இல்லை. சின்னதை எல்லாம் வரிசையாகச் சொன்னது பெரியதை மறைக்கத்தான் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. பியூலா முட்டியில் மண் ஒட்டிக்கொண்டு வகுப்புக்குள் வந்தாள், என் பக்கத்தில் உட்கார்ந்தாள், ரப்பர் கொடு சாரு என்றாள்.

மூன்று வாரம் ஆகிறது, இந்த முதுகு வலிக்கு. இவருடைய அக்கா மகன் ரிசப்ஷன் அன்று. கண்ணாடி முன்னால் நின்று பூ வைக்க இடது கையைத் தூக்கினேன், காதுக்கு மேலே போகவில்லை. உள்ளே யாரோ ஆணியை வைத்துத் திருகின மாதிரி. எதிர்வீட்டு மரகதத்தைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன். "என்னக்கா, ராணி மாதிரி ஆள் வச்சுப் பூ வச்சுக்கிறீங்க" என்றாள். ஆமாம்டி என்றேன். அப்போது அண்டா பரணில்தான் இருந்தது. அப்போது திரை ஜன்னலில்தான் தொங்கியது. டாக்டர் வேறு எங்காவது வலி உண்டா என்று கேட்டபோது இல்லை என்றேன், இவர் பக்கத்தில் இருந்தார், செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, இன்னும் ஒன்று கேட்கிறேன், நீயே பதில் சொல். பதினோரு வருஷமாகப் பரணில் கிடக்கிற அண்டாவை ஸ்கேனுக்கு முந்தின நாள் எதற்காக இறக்கினாய்? கஸ்தூரி அண்டாவில் சமைக்கப் போகிறாளா? கல்யாணமா நடக்கிறது? எக்சர்சைஸ் கூடாது என்று அவர் சொல்லும்போது உன் தலைக்கு மேலே அண்டா இருந்தது, காது மூடியிருந்ததா? வலிக்கு ஒரு பெயர் வேண்டும் என்று பார்த்தாயா, சாருமதி? தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரியாமலேயே இதையெல்லாம் செய்கிற ஆள்தான் நான், அது மட்டும் தெரியும். ஆனால் ஒன்று. எறும்புப் பொந்து தெரிந்தும் அதன்மேல் மிதியடியைப் போட்டு மூடியவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. நுரையீரலை வெட்டிவிட்டு முதுகில் அதைக் குடி வைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போய் எந்த டப்பாவை அடுக்குவது? யாரை ஏமாற்றுகிறேன்? டாக்டரையா? டாக்டர் முதுகா அது? இல்லை, சொல்லிவிடுவேன். எலும்பு என்றால் எலும்பு. வேற வழி என்றாரே, அந்த வழி எங்கே போகிறது என்று போய்ப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாத வழியா, திருச்சியில் நான் போகாத சந்து கிடையாது. பத்து முப்பத்தெட்டு. வயிறு கூவுகிறது. காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. அசையவில்லை நான், சிஸ்டர், பார்த்துக்கொள்ளுங்கள், அசையவில்லை.

கதவு திறந்தது. "நேரம் ஆச்சும்மா. பாத்ரூம் போயிட்டு வந்துருங்க, உள்ள போகலாம்" என்றாள் ஜெஸ்லின், என் உடம்புக் கதிர்வீச்சு படாமல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டே.

"அந்தப் படிவத்தை எடு" என்றேன். ஒரு மணி நேரம் பேசாத தொண்டை, குரல் ஆம்பிளைக் குரலாக வந்தது. "எக்சர்சைஸ் இல்லைன்னு எழுதியிருக்கும். அது பொய்."

"ஐயோ, ஜிம்முக்குப் போனீங்களா?"

"என்னைப் பார்த்தா ஜிம்முக்குப் போறவ மாதிரியா இருக்கு? எழுதிக்கோ. போர்வை ரெண்டு, கையால பிழிஞ்சது. ஜன்னல் திரை எட்டு, அடிச்சுத் துவைச்சது. மாடிக்கு மூணு நடை. மிளகாய் இடிச்சது ரெண்டு மணி நேரம். பித்தளை அண்டா, பரண்ல இருந்து இறக்கித் தேய்ச்சது."

ஜெஸ்லின் என்னையே பார்த்தாள். "நேத்தா? இந்த உடம்போடயா?" இல்லை என்ற வார்த்தையை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள். "எட்டுத் திரையாம்மா?" "எட்டு." உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். "எடுத்துடலாமாம். சார் இதை மனசுல வச்சுக்கிட்டுப் பார்ப்பாராம். வலி எங்கெங்க?"

"வலது தோள், வலது கை, இடுப்பு."

"அதெல்லாம் வேலைன்னு போட்டுக்கறேன். வேற ஏதாவது இருக்கா?"

மரத் தடுப்பு இல்லை, காது மட்டும் இல்லை, முழு முகம். களைத்த முகம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இவர் எழுந்து நின்று எட்டிப் பார்க்கிறார், ஒரு கை சட்டைப் பையில்.

"இருக்கு" என்றேன். "இடது பக்கம் முதுகுல, தோள்பட்டைக்குக் கீழ. இந்த இடம். அது வேலை இல்ல. நேத்து வந்ததும் இல்ல. மூணு வாரமாச்சு. டாக்டர் கேட்டப்ப இல்லைன்னு சொன்னேன். அதைத் தனியா எழுது, மத்ததோட சேர்க்காதே."

அவள் எழுதினாள். கீழே ஒரு கோடு போட்டாள். இந்தத் தடவை உதட்டில் விரல் வைக்கவில்லை. கிட்டே வந்து, இரண்டடி தள்ளி நிற்பதை மறந்து, நான் எழுந்திருக்கக் கை கொடுத்தாள்.

உள்ளே பெரிய வெள்ளை வளையம், அதற்குள் போகிற ஒடுங்கின மேஜை. படுத்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி இருபது நிமிஷம் வைக்க வேண்டுமாம். வலது கை போனது. இடது கை காது வரைக்கும் போய் நின்றது, ஆணி திருகியது. இன்னும் கொஞ்சம் தூக்கினேன்.

"வலிக்குதாம்மா? போற வரைக்கும் போதும், நான் தலையணை வைக்கறேன்."

"வலிக்குது" என்றேன். "அதையும் எழுதிக்கோ."

மேஜை உள்ளே நகர்ந்தது. நல்லாப் பாரு, என்றேன் அந்த வளையத்திடம், வாயைத் திறக்காமல். மேலாப்புல பெருக்கிட்டுப் போற வேலை என்கிட்ட ஆகாது. மூலை முடுக்கு விடாமப் பாரு.